பிபி மெஷினை வாங்கிய பிறகுதான் வேலையே ஆரம்பம்

ராத்திரி 11 மணிக்கு அம்மாவிடமிருந்து போன். "அப்பாவுக்கு 168 காட்டுதுப்பா. திரும்பத் திரும்பப் பார்த்துட்டேன், இறங்க மாட்டேங்குது." போய்ப் பார்த்தால், அப்பா கட்டில் விளிம்பில் கால் தொங்க உட்கார்ந்திருக்கிறார். முழுக்கைச் சட்டையைச் சுருட்டி ஏற்றிவிட்டு அதற்கு மேல் பிபி மெஷினின் பட்டை (கஃப்). கை மடியில் கிடக்கிறது. ஐந்து நிமிடத்துக்குள் ஆறு முறை எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் ஒரு சின்ன வாக்குவாதம் வேறு.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. பாத்ரூம் போய்வரச் சொன்னேன். சட்டையைக் கழற்றி, முதுகு சாயும் நாற்காலியில் உட்கார வைத்து, கையை மேசைமேல் வைத்தேன். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. 139 வந்தது. மறுநாள் டேப் எடுத்து அவருடைய மேற்கையைச் சுற்றி அளந்தபோது 35 செ.மீ. இருந்தது. மெஷினோடு வந்த பட்டையின் ஓரத்தில் 22–32 என்று தெளிவாக அச்சடித்திருந்தது. வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது, அதுவரை வீட்டில் யாருமே அதைப் படிக்கவில்லை.

பிபி மெஷின், சுகர் மெஷின், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர், கர்ப்பப் பரிசோதனைக் கிட், நாடித்துடிப்பு காட்டும் வாட்ச் என்று முன்பு லேபிலும் கிளினிக்கிலும் மட்டும் இருந்தவை இன்று யார் வேண்டுமானாலும் வாங்கும் பொருளாகிவிட்டன. எண்ணைக் காட்டுவது அவற்றுக்குச் சுலபம். அந்த எண்ணை நம்பலாமா, நம்பினால் என்ன செய்வது என்பதை வாங்குகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். முதன்முதலாக வாங்கப் போகிறவர்களுக்காக, நான் தவறு செய்து கற்றுக்கொண்ட வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: வாங்குமுன் ஒரு வரி எழுதுங்கள்

ஒரு காகிதத்தில் இப்படி எழுதிப் பாருங்கள்: "இந்த எண் இவ்வளவுக்கு மேல் போனால் நான் இதைச் செய்வேன்." வாக்கியத்தை முடிக்க முடிந்தால் வாங்கலாம். முடியாவிட்டால் தள்ளிப்போடுங்கள்.

ஏற்கெனவே ரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மருந்து எடுப்பவருக்கு இந்த வாக்கியம் சட்டென்று வந்துவிடும். மருந்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று மருத்துவர் முடிவெடுக்க அந்த எண்கள் தேவை. "எனக்கு ஏதாவது இருக்கிறதா" என்று ஒருமுறை தெரிந்துகொள்ள நினைப்பவருக்குப் பெரும்பாலும் மெஷினே தேவையில்லை, லேபில் ஒரு பரிசோதனை போதும். வெறும் ஆர்வத்துக்காக வாங்குவதும் தப்பில்லைதான். ஆனால் பதற்றப்படும் சுபாவம் உள்ளவர் தினமும் ஐந்து முறை நாடி பார்க்கத் தொடங்கினால், அந்தக் கருவி வீட்டுக்கு வந்த புது நோய் மாதிரிதான்.

படி 2: பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள், குறிப்பாகப் பொடி எழுத்தை

இந்தச் சந்தையில் சொற்களை வைத்து நிறைய விளையாட்டு நடக்கிறது. மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ-வின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். "எஃப்டிஏ ரெஜிஸ்டர்ட்" என்று போட்டிருந்தால், தயாரிப்பாளர் தன் தொழிற்சாலையின் பெயரை அங்கே பதிந்து வைத்திருக்கிறார் என்பது மட்டும்தான் பொருள். கருவியை யாரும் சோதித்துப் பார்த்ததாக ஆகாது. அந்தப் பதிவுக்கு எஃப்டிஏ சான்றிதழ் கொடுப்பதும் இல்லை. ஆகவே விற்பனைப் பக்கத்தில் முத்திரையோடு பளபளவென்று ஒரு "ரெஜிஸ்ட்ரேஷன் சான்றிதழ்" தெரிந்தால் எனக்குச் சந்தேகம்தான் கூடும். "கிளியர்ட்" அல்லது "அப்ரூவ்ட்" என்றால்தான் ஆவணங்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதையும் பெட்டியை நம்பி விட்டுவிடாமல், அவர்களுடைய இணையத் தரவுத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

ஐரோப்பிய விதிகளுக்கு உட்பட்டது என்று காட்டும் சிஇ குறியிலும் இதே கதைதான். வீட்டில் நாமே செய்துகொள்ளும் பரிசோதனைக் கிட்டில் சிஇ எழுத்துகளுக்குப் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்க வேண்டும். தயாரிப்பாளர் அல்லாத ஒரு மூன்றாம் அமைப்பு சரிபார்த்திருக்கிறது என்பதற்கு அடையாளம் அது. எண் இல்லாமல் வெறும் சிஇ மட்டும் இருக்கும் சுயபரிசோதனைக் கிட்டை வாங்காதீர்கள்.

"நலவாழ்வுப் பயன்பாட்டுக்கு மட்டும், நோய் கண்டறிவதற்கு அல்ல" என்று அடியில் எறும்பு எழுத்தில் இருந்தால், மேலே கொட்டை எழுத்தில் போட்டிருப்பது எதற்கும் அவர்கள் பொறுப்பு இல்லை என்று அர்த்தம். அதைப் படித்துவிட்டு வாங்குவது உங்கள் விருப்பம்.

பிபி மெஷினுக்கு மட்டும் நல்ல வழி ஒன்று உண்டு. துல்லியம் சோதிக்கப்பட்ட மாடல்களின் பட்டியலை ஸ்ட்ரைட் பிபி என்ற அமைப்பு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மாடல் எண்ணை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஒரே பிராண்டில் ஒரு மாடல் தேறியிருக்கும், அதன் தம்பி மாடல் சோதனைக்கே போயிருக்காது.

படி 3: கணக்கை முழுதாகப் போடுங்கள்

சுகர் மெஷினைச் சும்மாகூடக் கொடுப்பார்கள், லாபம் ஸ்டிரிப்பில். மெஷின் விலையை மறந்துவிட்டு, ஒரு ஸ்டிரிப் (ரத்தத் துளியை வைக்கும் சின்னத் துண்டு), ஒரு லான்செட் (விரலைக் குத்தும் ஊசி), மாதத்துக்கு எத்தனை முறை என்று பெருக்கிப் பாருங்கள். அந்த ஸ்டிரிப் சுலபமாகக் கிடைக்குமா என்பதையும் முதலிலேயே விசாரியுங்கள். சில வாட்ச், மோதிரங்களில் மாதச் சந்தா கட்டாவிட்டால் பாதி விவரம் திறக்காது. அப்புறம், பிபி மெஷினின் பட்டை தனியாகக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். முதலில் தேய்வது அதுதான்.

படி 4: பிபி எடுக்கும் முறை

இதில் கொஞ்சம் நேரம் செலவழிக்கிறேன். வீட்டுக் கருவிகளிலேயே அதிகம் பயன் தருவதும், அதிகம் தப்பாகப் பயன்படுத்தப்படுவதும் இதுதான்.

மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்து ரத்தம் ஓடும் சத்தத்தைக் கேட்பார். 1905-இல் ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் சொன்ன முறை அது. வீட்டு மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை. பட்டைக்குள் இருக்கும் காற்றில் நாடி எழுப்பும் சின்னச் சின்ன அதிர்வுகளை அளக்கிறது. அதிர்வு உச்சத்தில் இருக்கும் இடத்திலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் ஒரு சூத்திரம் போட்டுக் கணக்கிடுகிறது. அந்தச் சூத்திரம் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் சொந்தம். இரண்டு கம்பெனி மெஷின்கள் கொஞ்சம் வேறுபடுவது இதனால்தான். அசைந்தாலும் பேசினாலும் கணக்கு குழம்புவதும், இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவருக்கு எண்ணை அப்படியே நம்ப முடியாததும் இதனால்தான்.

வாங்கும்போது மேற்கையில் கட்டும் மெஷினாகப் பாருங்கள். மணிக்கட்டு மெஷின் கையாளச் சுலபம், ஆனால் மணிக்கட்டு இதயத்தின் உயரத்தில் இல்லாவிட்டால் எண் மாறிவிடும். கை இதய மட்டத்திலிருந்து 10 செ.மீ. கீழே இருந்தாலே அழுத்தம் ஏறத்தாழ 8 கூடுதலாகக் காட்டும். வெறும் இயற்பியல், மெஷின் எவ்வளவு உசத்தியானாலும் இதிலிருந்து தப்ப முடியாது. மேற்கையின் நடுவில் சுற்றளவை அளந்து அதற்கேற்ற பட்டையை வாங்குங்கள். பட்டை சின்னதாக இருந்தால் எண் ஏறிக் காட்டும், அப்பா விஷயத்தில் நடந்த மாதிரி.

எடுப்பதற்கு அரை மணி முன்பிருந்து காபி, சிகரெட், உடற்பயிற்சி கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வாருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கால் மேல் கால் வேண்டாம். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். போனும் வேண்டாம். பட்டை வெறும் தோலின் மேல் இருக்கட்டும், கைக்கு மேசை தாங்கல். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள், காலையில் மாத்திரைக்கு முன்பும் மாலையிலும். ஏழு நாள் இப்படி எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு, மீதி எல்லாவற்றுக்கும் சராசரி போடுங்கள். அந்தச் சராசரிதான் உங்கள் பிபி, தனித்தனி எண்கள் அல்ல. முதல் தடவை மட்டும் இரண்டு கையிலும் எடுத்துப் பாருங்கள். எந்தக் கையில் தொடர்ந்து அதிகம் காட்டுகிறதோ, இனி அந்தக் கைதான்.

கிளினிக்கில் 140/90 என்பது கோடு என்றால், வீட்டு அளவுக்கு ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் 135/85 என்று கோட்டைக் கொஞ்சம் இறக்கி வைக்கின்றன. அமெரிக்க வழிகாட்டுதல் 130/80 என்கிறது. உங்களுக்கு எது என்பதை உங்கள் மருத்துவர் சொல்லட்டும். கிளினிக்கில் மட்டும் ஏறுபவர்களும் உண்டு, கிளினிக்கில் சாதுவாக இருந்து வீட்டில் ஏறுபவர்களும் உண்டு. இந்த இரண்டாவது வகையைப் பிடிப்பதுதான் வீட்டு மெஷினின் பெரிய உபகாரம்.

180/120-ஐத் தாண்டினால் சில நிமிடம் அமைதியாக இருந்துவிட்டு மறுபடி எடுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் எது இருந்தாலும் மறுபடி எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள், உடனே அவசர உதவிக்குப் போங்கள். அறிகுறி எதுவும் இல்லை, எண் மட்டும் இறங்கவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் பேசுங்கள்.

ஒரு பின்குறிப்பு. நோட்டில் எழுதுபவர்கள் நல்ல எண்ணை மட்டும் எழுதுவார்கள். அப்பாவின் நோட்டையும் மெஷினின் நினைவகத்தையும் ஒப்பிட்டபோது ஏழு எண்கள் காணாமல் போயிருந்தன. ஏழும் 150-க்கு மேல்! நினைவகம் உள்ள மெஷினாக வாங்குங்கள்.

படி 5: சுகர் மெஷின்

சுகர் மெஷின்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 15197-இன் 2013 பதிப்பு கேட்பது இதுதான்: நூறு அளவீடுகளில் 95 ஆவது, 100 மில்லிகிராமுக்குக் கீழே 15 மில்லிகிராம் முன்பின்னாகவும், அதற்கு மேலே 15 சதவீதம் முன்பின்னாகவும் இருக்க வேண்டும். அதாவது லேபில் 200 என்றால் மெஷின் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது தேறிய மெஷின்தான். நேற்று 118, இன்று 124, ஏறிவிட்டதே என்று கவலைப்படுவதில் அர்த்தம் இல்லை. உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்பதை இந்த மெஷினை வைத்து முடிவு செய்யவும் கூடாது. அதற்கு லேப் பரிசோதனை இருக்கிறது.

மெஷினை விடக் கைதான் அதிகம் ஏமாற்றும். பழம் உரித்த கையைக் கழுவாமல் குத்திப் பாருங்கள், விரலில் ஒட்டிய சர்க்கரையையும் சேர்த்துத்தான் ஸ்டிரிப் அளக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடையுங்கள், ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துவிடும். விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறையும். துளி வரவில்லை என்று பிழியாதீர்கள். கையைத் தொங்கவிட்டு, வெந்நீரில் கழுவினால் தானாக வரும். லான்செட்டை இன்னொருவரோடு பகிரவே கூடாது, வீட்டுக்காரர்களாக இருந்தாலும். ஹெபடைட்டிஸ் பி பரவ அந்த ஒரு துளி போதும்.

ஸ்டிரிப் டப்பாவை எடுத்த கையோடு மூடுங்கள், காற்றின் ஈரமே அதைக் கெடுத்துவிடும். யாரோ வாங்கி மிச்சம் வைத்ததை மலிவாக மறுவிற்பனை செய்பவர்களிடம் வாங்காதீர்கள். எஃப்டிஏ 2019-இல் இதைப் பற்றியே எச்சரிக்கை விட்டது. சில மெஷின்கள் 100 என்று காட்டாமல் 5.6 என்று காட்டும். பயப்படாதீர்கள், அது மில்லிமோல் கணக்கு. 18-ஆல் பெருக்கினால் பழகிய எண் வந்துவிடும். 70-க்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. சந்தேகத்துக்கு இடமில்லாமல் உடனே சர்க்கரை எடுத்துக்கொள்ள வேண்டிய நேரம்.

கையில் ஒட்டிக்கொள்ளும் தொடர் சென்சார்களைப் பற்றியும் கேட்கிறார்கள். அவை ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் திசுக்களுக்கு நடுவில் இருக்கும் திரவத்தை அளக்கின்றன. அதனால் சர்க்கரை வேகமாக ஏறி இறங்கும்போது சில நிமிடம் பின்தங்கியே காட்டும். சென்சார் உள்ள கையை அழுத்திக்கொண்டு தூங்கினால் நடுராத்திரியில் பொய்யாக "லோ" என்று அலறும். இருந்தாலும், இன்சுலின் போடுபவருக்கு இந்தச் சென்சார் வரப்பிரசாதம். 2024 மார்ச்சில் எஃப்டிஏ, மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்கும் முதல் சென்சாராக டெக்ஸ்காம் நிறுவனத்தின் ஸ்டெலோவுக்கு அனுமதி கொடுத்தது. இன்சுலின் போடாத பெரியவர்களுக்கானது அது. நோயே இல்லாதவர் இதை ஒட்டிக்கொண்டால், சாப்பிட்டதும் கோடு ஏறுவதைப் பார்த்துப் பயப்படுவார். சாப்பிட்டால் ஏறத்தான் செய்யும்.

தோலைக் குத்தாமலே சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் வாங்காதீர்கள். 2024 பிப்ரவரியில் எஃப்டிஏ, அப்படி ஒரு கருவிக்கும் தான் அனுமதி தரவில்லை என்று வெளிப்படையாக எச்சரித்தது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து.

படி 6: சில்லறைக் கருவிகள்

ஆக்ஸிமீட்டர் சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியாகப் பாய்ச்சிக் கணக்குப் போடுகிறது. ஜப்பானின் தகுவோ அயோயாகி 1970-களில் கண்டுபிடித்த உத்தி. நகப்பூச்சு, குளிர்ந்த விரல், நடுக்கம் மூன்றும் அதற்கு எதிரி. தோல் கருமையாக இருந்தால் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பது 2020-இல் வந்த ஓர் ஆய்வுக்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்டது. இது நமக்கும் பொருந்தும். எனவே 96 காட்டுகிறது, ஆனால் மூச்சு வாங்குகிறது என்றால் மூச்சைத்தான் நம்ப வேண்டும்.

தெர்மோமீட்டரில் டிஜிட்டல் போதும், பாதரசம் வேண்டாம். நெற்றிக்கு நேரே பிடிக்கும் அகச்சிவப்பு வகை, வெயிலிலிருந்து வந்த நெற்றியையும் வேர்த்த நெற்றியையும் சரியாக அளக்காது. கொழுப்பு சதவீதம் காட்டும் எடை மெஷின் உடலுக்குள் லேசான மின்சாரம் செலுத்தி ஊகிக்கிறது, தண்ணீர் குடித்தாலே எண் மாறும். பேஸ்மேக்கர் வைத்தவர் அதில் ஏறக்கூடாது. வாட்ச்சில் வரும் ஈசிஜி, துடிப்பின் ஒழுங்கின்மையைப் பிடிக்கப் பயன்படும். மாரடைப்பை அது பிடிக்காது. நெஞ்சுவலியோடு உட்கார்ந்து வாட்ச்சைத் தட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

படி 7: ஒருமுறை செய்து தூக்கிப்போடும் கிட்கள்

கர்ப்பப் பரிசோதனை, கோவிட், எச்ஐவி எல்லாம் பெரும்பாலும் ஒரே குடும்பம். திரவம் கிட்டுக்குள் இருக்கும் பட்டையில் ஊர்ந்து போகும், தேடும் பொருள் இருந்தால் கோடு விழும். கிட் வேலை செய்கிறதா என்று காட்டும் சி என்ற இடத்தில் கோடு இல்லாவிட்டால் கிட்டே கெட்டது. முடிவைக் காட்டும் டி-யில் என்ன தெரிந்தாலும் கணக்கில்லை, தூக்கிப்போட்டு வேறு எடுங்கள்.

நேரம்தான் இதில் எல்லாம். கையேட்டில் சொன்ன நிமிடத்தில் படியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துக் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் ஈரம் காய்ந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் கோடு மாதிரி ஒன்று தெரியும். அதை வைத்து அழுதவர்களும் உண்டு, ஆனந்தப்பட்டவர்களும் உண்டு. கர்ப்பப் பரிசோதனையை நாள் தள்ளிப்போன பிறகு, காலை முதல் சிறுநீரில் செய்யுங்கள். 99 சதவீதம் என்று பெட்டியில் இருப்பது சீக்கிரமே செய்பவருக்குப் பொருந்தாது. கோவிட் கிட் ஒருமுறை நெகட்டிவ் காட்டினால் 48 மணி நேரம் கழித்து இன்னொன்று செய்யுங்கள். எச்ஐவி சுயபரிசோதனை, தொற்று நேர்ந்து மூன்று மாதம் ஆகும்வரை நெகட்டிவ் காட்டினாலும் உறுதியில்லை. பாசிட்டிவ் என்றால் லேபில் உறுதி செய்தாக வேண்டும்.

சில பெட்டிகளில் போட்டிருக்கும் "95 சதவீதத் துல்லியம்" பற்றி ஒரு கணக்கு. ஆயிரம் பேர் ஒரு கிட் வாங்குகிறார்கள், அவர்களில் பத்துப் பேருக்குத்தான் நோய் என்று வைத்துக்கொள்வோம். கிட் அந்தப் பத்தில் ஒன்பது பேரைச் சரியாகப் பிடிக்கிறது. நோயில்லாத 990 பேரில் 95 சதவீதத்தைச் சரியாக "இல்லை" என்கிறது. மீதி ஐந்து சதவீதம், ஏறக்குறைய 50 பேர், தவறாக "பாசிட்டிவ்". மொத்தம் 59 பேருக்குக் கோடு விழும், உண்மையில் நோய் இருப்பது ஒன்பது பேருக்கு. கிட் நல்ல கிட்தான். அறிகுறியும் இல்லாமல் காரணமும் இல்லாமல் பரிசோதித்தால் இப்படித்தான் வரும்.

படி 8: தபாலில் போகும் மாதிரிகள்

விரல் ரத்தமோ எச்சிலோ எடுத்து அனுப்பினால் நாற்பது ஐம்பது வரிகளில் ரிப்போர்ட் வரும். அதில் இரண்டு வரி சிவப்பாக இருப்பது கிட்டத்தட்ட உறுதி. இவ்வளவு வரி அளந்தால் சும்மாவே ஓரிரண்டு எல்லை தாண்டும். பக்கத்திலேயே சத்து மாத்திரைக்கான விளம்பரம் இருந்தால் கிளம்பிவிடுங்கள்.

"உணவு ஒவ்வாமை ஐஜிஜி பரிசோதனை" என்று விற்பதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஐஜிஜி என்பது ரத்தத்தில் இருக்கும் ஒரு வகை எதிர்ப்புப் பொருள், அந்த உணவு உங்கள் உடலுக்குப் பழக்கம் என்பதைத்தான் அது காட்டுகிறது. ஒவ்வாமை மருத்துவர் சங்கங்கள் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கின்றன. அதை நம்பித் தினம் சாப்பிடும் பத்துப் பொருளை நிறுத்தியவர்கள் உண்டு.

மரபணுக் கிட் வாங்குமுன் தரவைப் பற்றி யோசியுங்கள். மரபணுக் கிட் விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அது திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பாஸ்வேர்டை மாற்றலாம், மரபணுவை மாற்ற முடியாது. உங்களோடு சேர்ந்து உங்கள் அண்ணன் தம்பிகளின் விவரமும் அதில் பாதி இருக்கிறது. பிபி, சுகர் ஆப்களிலும் பதிவு செய்யாமல் பயன்படுத்த வழி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

படி 9: மெஷினையும் கூட அழைத்துப் போங்கள்

வருடத்துக்கு ஒருமுறை மருத்துவரிடம் போகும்போது மெஷினையும் எடுத்துச் செல்லுங்கள். அங்கே அவர் எடுத்ததும் நீங்கள் எடுங்கள். வித்தியாசம் ஐந்துக்குள் என்றால் சரி. தொடர்ந்து பத்துக்கு மேல் விலகினால் பட்டையைப் பாருங்கள், பிறகு மெஷினைப் பாருங்கள். சுகர் மெஷினை லேபில் ரத்தம் கொடுக்கும் அதே நிமிடத்தில் குத்தி ஒப்பிடலாம். அந்த நேரத்தில் வெறும் வயிறாக இருக்கட்டும். மருத்துவரிடம் முப்பது ஸ்கிரீன்ஷாட்டை நீட்டாதீர்கள். ஒரே தாளில் தேதி, காலை, மாலை, கடைசியில் சராசரி என்று கொடுத்தால் அவர் அரை நிமிடத்தில் பார்த்துவிடுவார். எண் நன்றாக இருக்கிறது என்று மாத்திரையை நீங்களே நிறுத்தாதீர்கள், பெரும்பாலும் மாத்திரையால்தான் அது நன்றாக இருக்கிறது.

அப்பாவுக்குப் பெரிய பட்டை வாங்கிவிட்டோம். மருந்து நிலைத்த பிறகு, மாதத்தில் ஒரு வாரம் எடுத்தால் போதும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மீதி மூன்று வாரம் அம்மா பேட்டரியைக் கழற்றி வேறு டப்பாவில் வைத்துவிடுகிறாள். டப்பா எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியாது.